சொந்தக் கணக்கை நாமே வினவ: தரவுத்தளம் திறந்திருக்கும் நிதி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

கடந்த மூன்று நிதியாண்டுகளில் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவானது, காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தந்தது போக நம் கையிலிருந்து போனது எவ்வளவு? வீட்டுக் கடன் தவணைகளில் வட்டி மட்டும் மாதவாரியாக எவ்வளவு? ஒரே மளிகைக் கடைக்கு 2021இல் மாதச் சராசரியாகக் கொடுத்தது எவ்வளவு, இப்போது கொடுப்பது எவ்வளவு? வரவு செலவைக் கணினியில் ஒழுங்காக எழுதி வருபவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். மென்பொருளோடு வரும் அறிக்கைகள் இவற்றில் சிலவற்றுக்குத்தான் பதில் தரும். அறிக்கையை எழுதியவர் எல்லோருக்கும் பொதுவான கேள்விகளை மனத்தில் வைத்து எழுதியிருப்பார். நம் கேள்வி நம் வீட்டுக்கே உரியது.

தரவு இருக்கும் இடத்துக்கே போய், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கான எஸ்க்யூஎல் மொழியில் நாமே கேட்டுவிடலாம். அப்படிக் கேட்கும் கேள்விதான் வினவல். அதற்குச் செலக்ட் (எடு), ஜாயின் (இணை), குரூப் பை (தொகு) என்ற மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான கேள்விகளை முடித்துவிடலாம். மாதம் 100 பரிவர்த்தனை என்றாலும் பத்து வருடத்தில் 12,000தான் சேரும். எஸ்க்யூலைட் போன்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு குடும்பக் கணக்குக்காக போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்று சர்வர் நிறுவ வேண்டிய தேவை கிட்டத்தட்ட எப்போதும் இல்லை.

நம் தரவு நம் கணினியில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் சேவையை இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009இல் நின்றது. சேவை மூடும்போது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாகப் பட்டியலை இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். வெறும் பட்டியலில் பெரும்பாலும் உறவுகள் அறுந்துபோகும். சேமிப்புக் கணக்கிலிருந்து போன 10,000 ரூபாயும் கடன் அட்டையில் வந்த 10,000 ரூபாயும் ஒரே பரிமாற்றத்தின் இரண்டு முனைகள் என்பதும், ஒரே பில்லை மளிகை, மருந்து எனப் பிரித்து எழுதியிருந்தோம் என்பதும் அதில் தெரியாது. அந்த உறவுகள் இல்லாமல் உருப்படியான கேள்வி எதையும் கேட்க முடியாது.

ஆகவே தேர்வு செய்யும்போது, ‘இந்த மென்பொருள் தரவுத்தளத்தில் சேமிக்கிறதா’ என்று மட்டும் பார்த்து நின்றுவிடுகிறவர்கள் பின்னால் சிரமப்படுகிறார்கள். திரையில் தெரியும் இருப்பை, கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு நம் வினவலால் பைசா பிசகாமல் மீண்டும் வரவழைக்க முடிகிறதா என்பதே முதல் அளவுகோல். தொகையை எந்த வடிவத்தில் வைக்கிறது, நீக்கிய பதிவை என்ன செய்கிறது, ஒரு பில்லைப் பல வகைகளாகப் பிரித்தால் எப்படி எழுதுகிறது, தேதியை எந்த நேர மண்டலத்தில் வைக்கிறது ஆகிய நான்கும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். இவற்றில் ஒன்று தவறினாலும் வினவல் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. தவறான எண்ணை நல்ல எண் போலவே தந்துவிடும்.

க்னூகேஷ்: முழுமையான அமைப்பு, கவனமும் கூடுதலாக வேண்டும்

ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் கணக்கெழுத விரும்புகிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை க்னூகேஷ். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இயல்பாக இது எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவக் கோப்பாகச் சேமிக்கிறது. 2010 இறுதியில் வந்த 2.4 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றிலும் சேமிக்கலாம். ஃபைல் மெனுவில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, டேட்டா ஃபார்மட் பட்டியலில் எஸ்க்யூலைட்3-ஐத் தேர்ந்து, புதிய பெயரில் சேமித்தால் போதும். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் அந்தப் பெயரே பட்டியலில் காணாவிட்டால் லிப்டிபிடி-எஸ்க்யூலைட்3 என்ற பொதி நிறுவப்படவில்லை என்று பொருள். அதை நிறுவிவிட்டு க்னூகேஷை மூடித் திறக்க வேண்டும்.

எஸ்க்யூலைட்டுக்கு மாறியதும் இரண்டு பழக்கங்கள் மாறும். எக்ஸ்எம்எல் முறையில் சேமிக்காமல் வெளியேறினால் அன்றைய திருத்தங்கள் போய்விடும். சிலருக்கு அதுவே பாதுகாப்பு. தரவுத்தள முறையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் முடித்த கணமே எழுதப்படும். அடுத்து, எக்ஸ்எம்எல் முறையில் ஒவ்வொரு சேமிப்புக்கும் தேதியிட்ட ஒரு பழைய பிரதி தானாகவே நிற்கும். எஸ்க்யூலைட்டில் அது கிடையாது. பிரதி எடுப்பது முழுக்க நம் பொறுப்பு.

தரவுத்தளம் என்றதும் கணவனும் மனைவியும் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் எழுதலாம் என்று எண்ணிவிடக் கூடாது. திறக்கும்போது க்னூகேஷ் எல்லாத் தரவையும் நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டு, பிறகு மாற்றங்களை மட்டும் கோப்பில் எழுதுகிறது. இன்னொருவர் எழுதியது அதற்குத் தெரியாது. இதைத் தடுக்க ‘க்னக்லாக்’ என்ற சிறு அட்டவணையில் கணினியின் பெயரைப் பூட்டாகப் போட்டு வைக்கும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அந்தப் பூட்டு அப்படியே நின்று, அடுத்த முறை திறக்கும்போது எச்சரிக்கை வரும். வேறெங்கும் திறந்திருக்கவில்லை என்று உறுதியானால் மேற்கொண்டு திறக்கலாம்.

உள்ளே பல அட்டவணைகள் இருந்தாலும் வீட்டுக் கணக்குக்கு ஐந்து போதும்: அக்கவுண்ட்ஸ், டிரான்சாக்‌ஷன்ஸ், ஸ்ப்ளிட்ஸ், கமாடிட்டீஸ், பிரைசஸ். பரிவர்த்தனை அட்டவணையில் தேதியும் விவரமும்தான் இருக்கும், தொகை இருக்காது. தொகையெல்லாம் ஸ்ப்ளிட்ஸ் அட்டவணையில். கடன் அட்டையில் கட்டிய 4,560 ரூபாய் பில்லில் 3,800 மளிகை, 760 மருந்து என்றால், பரிவர்த்தனையில் ஒரு வரிசையும் ஸ்ப்ளிட்ஸில் மூன்று வரிசைகளும் உருவாகும்: மளிகைக்கு +3,800, மருந்துக்கு +760, கடன் அட்டைக்கு −4,560. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். எந்தப் பரிவர்த்தனைக்கும் இந்தக் கூட்டல் பூஜ்யமாகத்தான் வர வேண்டும் என்பதால், கோப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் முதல் வினவலும் இதுவே.

வீட்டுக் கடன் வட்டிக் கேள்வி இந்த அமைப்பில் எளிதாகிவிடுகிறது. 25,000 ரூபாய் தவணையில் 17,500 வட்டிச் செலவுக்கும் 7,500 கடன் கணக்கின் அசலுக்கும் போயிருந்தால், வட்டிக் கணக்கோடு இணைந்த ஸ்ப்ளிட்டுகளை மட்டும் எடுத்து, தேதியின் முதல் ஏழு எழுத்துகளால் தொகுத்தால் மாதவாரி வட்டி வந்துவிடும். மருத்துவக் காப்பீட்டில் திரும்பி வந்த பணத்தை அதே மருத்துவச் செலவுக் கணக்கில் எதிர்மறையாக எழுதி வந்தால் நிகரச் செலவு தானாகக் கிடைக்கும். திரும்பி வந்ததைத் தனி வருமானக் கணக்கில் போட்டிருந்தால் வினவலில் இரண்டையும் சேர்க்க வேண்டியிருக்கும். இதை முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.

தொகை எழுதும் முறையில்தான் பலர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். க்னூகேஷ் தொகையைத் தசம எண்ணாக வைப்பதில்லை. பின்னமாக, தொகுதி ஒரு புலத்திலும் (அட்டவணையின் நெடுவரிசை) பகுதி இன்னொரு புலத்திலும் வைக்கிறது. 123.45 ரூபாய் என்பது 12345, 100 என்ற இரண்டு முழு எண்கள். பைசா பிசகாமல் இருக்க இது மிகச் சரியான வழி. ஆனால் எஸ்க்யூலைட்டில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான்: 12345-ஐ 100ஆல் வகுத்தால் 123 என்று வந்து 45 பைசா காணாமல் போகும். ஒவ்வொரு வரிசையிலும் இப்படிச் சில பைசா போனால் வருட முடிவில் பத்துப் பதினைந்து ரூபாய் வித்தியாசம் நிற்கும், எங்கே போனது என்று தெரியாது. தொகுதிகளை முதலில் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை 100.0 என்ற தசம எண்ணால் வகுக்க வேண்டும். இது எல்லா வரிசையிலும் பகுதி 100 ஆக இருக்கும் ரூபாய்க் கணக்குகளுக்குப் பொருந்தும்.

குறிகளையும் கவனிக்க வேண்டும். செலவும் சொத்தும் நேர்மறை. வருமானமும் கடனும் எதிர்மறை. திரையில் சம்பளம் 60,000 என்று காட்டினாலும் கோப்பில் −60,000 என்றே இருக்கும். திரை குறியை மாற்றிக் காட்டுகிறது, கோப்பு மாற்றுவதில்லை.

தேதியில் இரண்டு பொறிகள். ஒன்று, தேதிப் புலத்தில் நேரமும் சேர்ந்தே இருக்கிறது. புதிய பதிப்புகளில் எல்லாப் பதிவுகளுக்கும் 10:59:00 என்று இருக்கும். அதனால் ‘2024-04-01க்கும் 2025-03-31க்கும் இடையில்’ என்று கேட்டால் மார்ச் 31ஆம் தேதிப் பதிவுகள் அத்தனையும் விடுபடும், ஏனென்றால் எழுத்து ஒப்பீட்டில் ‘2025-03-31 10:59:00’ என்பது ‘2025-03-31’ என்பதைவிடப் பெரியது. வங்கி வட்டி வரவும் கடைசி நேர வரிச் சேமிப்பு முதலீடும் விழும் நாள் அதுதான். 2024-04-01க்குச் சமமோ அதிகமோ, 2025-04-01க்குக் குறைவு என்று கேட்பதே பாதுகாப்பு.

இரண்டாவது பொறி இந்திய, இலங்கைப் பயனர்களுக்கே உரியது. தேதி பொது நேரமான யூடிசியில் எழுதப்படுகிறது. பழைய பதிப்புகள் நள்ளிரவை உள்ளூர் நேரமாகக் கொண்டு அதை யூடிசிக்கு மாற்றின. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் ஏப்ரல் 1 என்பது மார்ச் 31, 18:30 ஆகிவிடும். பல வருடமாகத் தொடரும் கோப்பில் 18:30:00 என்று முடியும் வரிசைகள் தென்பட்டால், வினவலில் தேதியோடு 330 நிமிடம் கூட்டிவிட்டு நாளை எடுக்க வேண்டும். 10:59 என்று இருக்கும் புதிய வரிசைகளுக்கு இதனால் கெடுதல் இல்லை. அவை அதே நாளில் 16:29 ஆகும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் போதும். நிதியாண்டுவாரியாகத் தொகுக்க, அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்து ஆண்டை மட்டும் எடுத்தால் 2025 மார்ச்சும் 2024 ஏப்ரலும் ஒரே 2024 என்ற தொகுப்பில் விழும்.

வருட முடிவில் ‘குளோஸ் புக்’ வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அது வருமான, செலவுக் கணக்குகளை மூலதனக் கணக்குக்கு மாற்றிப் பூஜ்யமாக்கும் பரிவர்த்தனைகளை எழுதுகிறது. வினவலில் அவற்றையும் கூட்டினால் வருடச் செலவு பூஜ்யம் என்று வரும். அந்தப் பரிவர்த்தனைகளுக்கு ஸ்லாட்ஸ் என்ற அட்டவணையில் ‘புக் குளோசிங்’ என்ற அடையாளம் உண்டு. அதை வைத்து விலக்கலாம். எங்கள் கருத்தில் வீட்டுக் கணக்குக்கு இந்த வசதியே தேவையில்லை. தேதி வரம்பு வைத்துக் கேட்கத் தெரிந்தவருக்குப் புத்தகத்தை மூடுவதால் எந்த நன்மையும் இல்லை.

பரஸ்பர நிதியும் வெளிநாட்டுப் பணமும் இருக்கும் வீடுகளில் ஸ்ப்ளிட்ஸ் அட்டவணையின் மற்றொரு இணை முக்கியமாகிறது. ஒவ்வொரு ஸ்ப்ளிட்டிலும் மதிப்பு, அளவு என இரண்டு தொகைகள் உண்டு. மதிப்பு பரிவர்த்தனையின் நாணயத்தில். அளவு அந்தக் கணக்கின் சொந்த அலகில். எஸ்ஐபி என்ற தவணை முதலீட்டின் மூலம் 5,000 ரூபாய்க்கு 61.728 யூனிட் வாங்கினால் மதிப்பு 5,000, அளவு 61.728. யூனிட் இருப்பைக் காண அளவைக் கூட்ட வேண்டும். இன்றைய மதிப்பைக் காண அதை பிரைசஸ் அட்டவணையின் கடைசி விலையால் பெருக்க வேண்டும். பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி எல்லாத் திட்டங்களின் என்ஏவியையும், அதாவது ஒரு யூனிட்டின் விலையையும், ஒரே உரைக் கோப்பாகத் தினமும் வெளியிடுகிறது. க்னூகேஷ் துணைக்கு வைத்திருக்கும் ஃபைனான்ஸ் குவோட் என்ற விலை எடுக்கும் நிரல் அதிலிருந்து விலையை எடுத்துத் தரும். யூனிட்டுகளின் பகுதி 1000 அல்லது 10000 ஆக இருக்கும் என்பதால் ரூபாய்க்குச் செய்ததுபோல் 100ஆல் வகுத்துவிடக் கூடாது.

சிங்கப்பூரில் சம்பளம், மதுரையில் வங்கிக் கணக்கு என்று இருப்பவருக்கும் இதே விதி. பரிமாற்றத்தை எந்தக் கணக்கின் பேரேட்டில் எழுதினோமோ அந்த நாணயம்தான் பெரும்பாலும் பரிவர்த்தனையின் நாணயமாகும். ஆகவே ரூபாய்க் கணக்கின் மதிப்புப் புலத்தைக் கூட்டினால் சில வரிசைகளில் டாலரும் சில வரிசைகளில் ரூபாயும் கலந்து பொருளற்ற ஓர் எண் வரும். கணக்கிருப்புக்கு எப்போதும் அளவையே கூட்ட வேண்டும்.

கணக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், ‘வீடு’ என்ற தலைப்பின் கீழ் உள்ள எல்லாவற்றையும் கூட்டத் தன்னைத்தானே அழைக்கும் வினவல், அதாவது வித் ரிகர்சிவ், தேவைப்படும். எஸ்க்யூலைட்டில் இது 2014 முதல் உண்டு. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் பைகேஷ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினால் பின்னமும் குறியும் கணக்கு மரமும் ஏற்கெனவே கையாளப்பட்டிருக்கும்.

மற்றவை

கேமைமணியும் இரட்டைப் பதிவு முறைதான். இயல்பான வடிவம் எக்ஸ்எம்எல், விரும்பினால் எஸ்க்யூலைட். இதன் அட்டவணைகள் படிக்க எளிது. தொகை ‘12345/100’ என்று எழுத்தாகவே இருக்கும். அதை அப்படியே கூட்டச் சொன்னால் எஸ்க்யூலைட் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு தவறான தொகையைத் தரும். இதற்காகவே ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ‘ஃபார்மட்டட்’ என்று முடியும் இன்னொரு புலம் வைத்திருக்கிறார்கள். வெளி வினவல்களுக்கு அதுவே உகந்தது. வருங்காலத் தவணைப் பதிவுகளும் அதே அட்டவணையில் இருப்பதால், வகைப் புலத்தில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருப்பவற்றை மட்டும் எடுக்க வேண்டும். ‘எஸ்’ என்றால் இன்னும் நடக்காதது. கோப்பைக் கடவுச்சொல்லால் மறைக்க எஸ்க்யூஎல்சைஃபரும் இதில் உண்டு.

பற்று வரவு இலக்கணம் வேண்டாம், எளிமையாக எழுத வேண்டும் என்பவருக்கு மணி மேனேஜர் ஈஎக்ஸ் பொருந்தும். இதற்கு வேறு வடிவமே கிடையாது. எம்எம்பி என்று முடியும் அதன் கோப்பே எஸ்க்யூலைட்தான். மென்பொருளுக்கு உள்ளேயே எஸ்க்யூஎல் எழுதி அறிக்கையாகச் சேமித்துக்கொள்ளும் வசதி இருப்பது இதன் பெரிய பலம். வெளிக் கருவி எதுவும் இல்லாமலே தொடங்கிவிடலாம். பரிவர்த்தனை ஒரே வரிசை. பணம் மாற்றினால் ‘எந்தக் கணக்குக்கு’ என்ற புலமும் அதே வரிசையில் நிரம்பும். ஆகவே ஒரு கணக்கின் இருப்பைக் காண வரவு, செலவு, வெளியே போன மாற்றம், உள்ளே வந்த மாற்றம் என நான்கையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். நான்காவதைத்தான் பலர் மறக்கிறார்கள். பில்லைப் பல வகையாகப் பிரித்தால் முதன்மை வரிசையின் வகைப் புலம் −1 ஆகி, விவரம் வேறு அட்டவணைக்குப் போகும். அதைச் சேர்க்காத வினவலில் பிரித்து எழுதிய பில்கள் எல்லாம் ‘வகையற்றவை’ ஆகிவிடும். செல்லாதது என்று குறித்த பதிவுகளுக்கு நிலைப் புலத்தில் ‘வி’ இருக்கும். நீக்கியவற்றுக்கு நீக்கிய நேரம் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் விலக்க வேண்டும். தொகை தசம எண்ணாக இருப்பதால் கூட்டல் 1999.9999999 என்றெல்லாம் முடியலாம். கடைசியில் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு செலவுக்கும் தனி உறையில் பணம் ஒதுக்குவதுபோன்ற உறை முறையில் மாதத் திட்டம் போடுகிறவர்கள் விரும்பும் ஆக்சுவல் பட்ஜெட் 2022இல் திறமூலமானது. அமைப்புகள் பக்கத்தில் தரவை ஏற்றுமதி செய்தால் வரும் ஜிப்பின் உள்ளே எஸ்க்யூலைட் கோப்பு இருக்கும். தொகை பைசாவில் முழு எண். தேதி 20250331 என்று முழு எண். இரண்டுமே வினவ வசதி. ஆனால் பிரித்த பில்லில் தாய் வரிசையும் சேய் வரிசைகளும் ஒரே அட்டவணையில் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் செலவு இரட்டிப்பாகும். நீக்கியவை ‘டூம்ப்ஸ்டோன்’ என்ற புலத்தில் 1 என்று குறிக்கப்பட்டு அங்கேயே கிடக்கும். இன்னொரு வியப்பு: விவரம் என்று பெயரிட்ட புலத்தில் இருப்பது பணம் பெறுபவரின் அடையாள எண். மூல அட்டவணையைத் தொடாமல், உடன் இருக்கும் காட்சிகளை, அதாவது அட்டவணை போலவே கேட்கக்கூடிய, முன்பே எழுதி வைத்த வினவல்களான வியூக்களை, வினவுவதே நல்லது. இந்தக் கோப்பில் நேரடியாக எதையும் மாற்றக் கூடாது. கருவிகளுக்கிடையே ஒத்திசைவு தனிச் செய்தி அட்டவணை வழியாக நடப்பதால், நாம் நேரடியாக எழுதியது மற்றக் கருவிகளுக்குப் போகவே போகாது.

ஃபயர்ஃப்ளை 3 சொந்த சர்வரில் ஓடும் இணையச் செயலி. சர்வர் பராமரிக்கத் தெரிந்தவருக்கு நல்லது, மற்றவருக்குச் சுமை. ஒவ்வொரு பதிவுக்கும் கூட்டல், கழித்தல் என இரண்டு வரிசை எழுதும். ஒரு பக்கத்தை மட்டும் எடுக்காவிட்டால் விடை எப்போதும் பூஜ்யம்தான்.

லெட்ஜர், ஹெச்லெட்ஜர், பீன்கவுண்ட் ஆகியவை கணக்கை எளிய உரைக் கோப்பாக வைக்கின்றன. பீன்கவுண்டுக்கு எஸ்க்யூஎல் போன்ற சொந்த வினவல் மொழி உண்டு; ஹெச்லெட்ஜரின் பிரிண்ட் கட்டளை பதிவுகளை எஸ்க்யூஎல் வடிவிலேயே வெளியிடும். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில், வேலை செய்து பழகியவர்களுக்கு எந்தத் தரவுத்தளத்தையும்விட இவை நீண்ட நாள் நிற்கும் என்று நம்புகிறோம். வீட்டில் மற்றவர்களும் கணக்கு எழுத வேண்டுமென்றால் இவற்றைத் தேர்வது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

மாற்றுவதற்கு முன் பத்துப் பதிவு

ஐந்து வருடத் தரவை ஏற்றிவிட்டுப் பிறகு குறையைக் கண்டுபிடிப்பதைவிட, வெற்றுக் கோப்பு ஒன்றில் பத்துப் பதிவு எழுதிச் சோதிப்பது ஒரு மாலை வேலை. அந்தப் பத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மூன்று வகையாகப் பிரித்த பில், சேமிப்பிலிருந்து கடன் அட்டைக்கு மாற்றம், எழுதி நீக்கிய ஒன்று, செல்லாததாக்கிய ஒன்று, மார்ச் 31 தேதியில் ஒன்று, ஏப்ரல் 1 தேதியில் ஒன்று, அடுத்த மாதத்துக்கான தவணைப் பதிவு, கடைக்காரர் திருப்பித் தந்த பணம், வெளிநாட்டு நாணயம் அல்லது யூனிட் வாங்கியது. பிறகு ஒவ்வொரு கணக்கின் இருப்பையும், வகைவாரி மாதச் செலவையும், நிதியாண்டுச் செலவையும் வினவலால் எடுத்துத் திரையோடு ஒப்பிட வேண்டும். இவை மூன்றும் ஒத்துவராத மென்பொருளை, அல்லது ஒத்துவரச் செய்ய ஐம்பது வரி எஸ்க்யூஎல் கேட்கும் மென்பொருளை, விட்டுவிடலாம்.

வங்கி அறிக்கையை ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை. யூபிஐ பரிவர்த்தனையின் குறிப்பு எண் 12 இலக்கம். அதைக் காசோலை எண்ணுக்கான புலத்தில் சேமித்து வைத்தால், ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கேட்டு, தவறுதலாக இருமுறை ஏறிய பதிவுகளை நொடியில் பிடிக்கலாம். ஆனால் வங்கி தந்த சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமித்தால் 11 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்கள் 4.12E+11 என்ற வடிவுக்குச் சுருங்கி, சேமித்த கோப்பில் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். தலைப்பு வரிகளை நீக்க வேண்டுமென்றால் நோட்பேட் போன்ற எளிய உரைத் திருத்தியிலேயே நீக்க வேண்டும்.

கணக்குப் பெயர்களைத் தமிழில் வைப்பதில் தடை எதுவும் இல்லை. எஸ்க்யூலைட் யூனிகோடை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனால் ‘தொலைபேசி’ என்று தேடி எதுவும் வராமல் போகலாம். ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் தரவுத்தளத்துக்கு வெவ்வேறு. ஓகார, ஔகாரத்திலும் இதே சிக்கல். கைபேசியில் ஒரு விசைப்பலகை, கணினியில் வேறொன்று என்று எழுதுகிறவர்களுக்கு இது நேரும். கணக்குகளுக்கு எண் குறியீடு ஒன்றைக் கொடுத்து, வினவல்களில் பெயருக்குப் பதில் அதைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே எழாது. க்னூகேஷில் இதற்கென்றே ‘கோட்’ என்ற புலம் இருக்கிறது. அகரவரிசையும் யூனிகோடு வரிசைப்படியே வருவதால் ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும் நிற்கும். எண் குறியீட்டால் வரிசைப்படுத்தினால் அதுவும் சரியாகும்.

வினவுவதை எப்போதும் பிரதியில் செய்ய வேண்டும், மூலக் கோப்பில் வேண்டாம். மென்பொருளை மூடிவிட்டுக் கோப்பை நகலெடுத்து, அந்த நகலை டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற கருவியில் திறந்தால், நமக்குத் தேவையான வியூக்களையும் அதிலேயே உருவாக்கலாம். என்ன உடைந்தாலும் கணக்குக்குச் சேதமில்லை. வியூக்களை உருவாக்கும் கட்டளைகளை ஓர் உரைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதிய நகலிலும் ஓட்டிக்கொள்ளலாம். மூலத்தையே பார்க்க வேண்டிய அவசரம் இருந்தால் படிக்க மட்டும் என்ற முறையில் திறக்க வேண்டும். மென்பொருள் திறந்திருக்கும்போது டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்றவை கோப்பைப் பாதியில் நகலெடுத்தால் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், இருப்பது உடைந்த கோப்பாக இருக்கக்கூடும். வேலை முடிந்து மூடிய பிறகு நகலை மட்டும் அந்தக் கோப்புறையில் போடுவது நல்லது. சாதாரண எஸ்க்யூலைட் கோப்பில் மறைகுறியாக்கம் இல்லை. அந்த ஒரு கோப்பு கையில் கிடைத்தவருக்கு குடும்பத்தின் முழு நிதி நிலையும் தெரிந்துவிடும் என்பதால், மடிக்கணினியின் வட்டு பிட்லாக்கர், ஃபைல்வால்ட், லக்ஸ் இவற்றில் ஒன்றால் மூடப்பட்டிருக்க வேண்டும். மேகத்துக்குப் போகும் நகலும் கடவுச்சொல் இட்டதாக இருக்க வேண்டும்.

அட்டவணை அமைப்பு நிரந்தரமானதல்ல. மணி மேனேஜர் ஈஎக்ஸில் முன்பு துணை வகைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. பின்னர் அது முதன்மை வகை அட்டவணையோடு இணைக்கப்பட்டது, பழைய வினவல்கள் நின்றுபோயின. க்னூகேஷில் ‘வெர்ஷன்ஸ்’ என்ற அட்டவணை ஒவ்வொன்றின் அமைப்பு எண்ணையும் சொல்லும். வினவல் கோப்பின் தலையில் அந்த எண்ணையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து, புதுப்பித்த பிறகு எண் மாறியிருந்தால், சோதனைக்கு எழுதிய பத்துப் பதிவுக் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து மூன்று வினவல்களையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டே உண்மைக் கணக்கில் புதிய பதிவு எழுத வேண்டும்.